புரியாத வார்த்தைக்குக் கோடு போடவும்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாக எழுதலாம். நிலத்தடி நீரைப் பற்றி நீ அனுப்பிய அறிக்கையை முழுக்கப் படித்தேன், எல்லாம் புரிந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பொய். இரண்டாவது பத்தியிலேயே தூங்கிவிட்டேன். கல்லா மேசையில் தலை, தலைக்கடியில் உன் அறிக்கை. பக்கத்துப் பேக்கரிக்காரர் வெளுக்கப் போட்ட சட்டையை வாங்க வந்து என்னை எழுப்பினார். சட்டையைக் கொடுத்த பிறகும் போகாமல் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க அப்படிப் பார்க்கறீங்க?" என்றேன்.

"உங்க தம்பி எழுதினது கன்னத்துல அப்படியே ஒட்டியிருக்கு. எழுத்து திரும்பியிருக்கறதால என்னன்னு படிக்க முடியல" என்றார்.

தாளில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். உங்கள் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் பூமியைத் தோண்டியும் அளந்தும் கண்டுபிடிப்பதைப் பத்திரிகைக்காரர்களுக்குப் புரியும்படி எழுதுவது உன் வேலை. நீ எழுதியது புரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று இந்த வேலையை எனக்குக் கொடுத்தவன் நீ. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அடுத்ததை அனுப்பு. இந்தத் தடவை நின்றுகொண்டே படிக்கிறேன்.

மாமா சுகம். அவர் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைத் தனியாக விசாரித்து எழுது, சந்தோஷப்படுவார். உன் வீட்டுக்காரியின் இருமல் நின்றதா?

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். இருமல் போய்விட்டது. மாமாவின் முழங்காலை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்.

புதிய அறிக்கையின் நகல் இந்த உறையில் இருக்கிறது. வழக்கம்போல் புரியாத வார்த்தைக்குக் கோடு போடவும். ஒரு மலைச்சரிவு, தன்மேல் இருக்கும் வீடு கடைகளோடு சேர்ந்து மெதுவாகக் கீழே நகர்ந்துகொண்டிருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து அளந்திருக்கிறார்கள். போன மழைக்குப் பிறகு வேகம் கூடியிருக்கிறது. எந்த ஊர் என்று எனக்கே சொல்லவில்லை. 'சரிவு ஏழு' என்றுதான் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரை ஆராய்ச்சி இதழில் வெளியாகும் நாள்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. முன்னாலேயே கசிந்தால் அவர்கள் கட்டுரையும் போகும், என் வேலையும் போகும். அதனால்தான் போனில் அனுப்பாமல் தபாலில் போடுகிறேன். பேக்கரிக்காரருக்குப் படித்துக் காட்டாதே. கன்னத்தையும் காட்டாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ விசாரித்ததைச் சொன்னதும் மாமா முழங்காலைத் தடவிக்கொடுத்து, "கேட்டியா, உன்னைத்தான் கேக்கறான்" என்றார்.

சொன்ன சொல் தவறாமல் நின்றுகொண்டேதான் படித்தேன். துணிக்குக் குறி போடும் மையால் கோடு போட்டிருக்கிறேன். அழியாது. 'நிலத்திணிவின் உருத்திரிபு' என்று எழுதியிருக்கிறாய். அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உள்ளேயிருந்து மாமா, "யாரைத் திட்டறே?" என்று கேட்டார்.

அதை எடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரிவதை எழுதேன். பின்கதவு சாத்தாது. இழைத்துச் சரிசெய்தால் கொஞ்ச நாள் சாத்தும், மறுபடி இடிக்கும். சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சந்து விழும், அதில் கழன்ற பொத்தான்களெல்லாம் போய் ஒளிந்துகொள்ளும். கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டுப் போன சட்டைகள், காலையில் வந்து பார்த்தால் ஒரே மூலையில் கூட்டம் போட்டிருக்கும். இப்படி எழுதினால் யாருக்குத்தான் புரியாது? எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வாயைப் பிளக்காதே. எங்கள் கடையைப் பார்த்துத்தான் சொன்னேன். பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும். மாமா இழைத்த இழைப்பில் அந்தக் கதவு ஜன்னல் அளவுக்கு வந்துவிட்டது.

இன்னொன்று. கடைசியில் 'மக்கள் பயப்படத் தேவையில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிடு. எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளைகளோ. பேப்பரில் இதைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவார்கள்? ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நமக்கென்ன குறைந்துவிடும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

சட்டைகள் எந்த மூலையில் போய்ச் சேர்கின்றன? மலைப் பக்கமா, ஆற்றுப் பக்கமா? சாத்தாத கதவு அது ஒன்றுதானா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீயும் மாமாவும் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சில மாதம் எங்களோடு இருந்தால் என்ன? இவளுக்கும் துணையாக இருக்கும். மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

நீ சொன்ன வரி எங்கள் இயக்குநருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கடைசியில் வேண்டாம், முதல் வரியாகவே போடு என்று சொல்லிவிட்டார்.

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம். நீதான் ஏதோ மாதிரி இருக்கிறாய்.

உன் வீட்டுக்காரிக்குத் துணையாக நான் வர வேண்டுமா? போன தடவை நான் வந்து தங்கியிருந்தபோது அவள் உப்பு டப்பாவைத் தினமும் இடம் மாற்றி மாற்றி வைத்ததை நீ கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். துணை வேண்டும் என்று நினைக்கிறவள் அப்படிச் செய்ய மாட்டாள். உங்களுக்குள் சண்டையா? சண்டை என்றால் சொல்லிவிடு. நான் வந்து அவள் பக்கம் பேசுகிறேன்.

சட்டைகள் ஆற்றுப் பக்கம்தான் போகின்றன. பாவாடைகளும் அங்கேதான். போர்வைகள் மட்டும் கனமாக இருப்பதால் நிதானமாகக் கிளம்புகின்றன. கதவைக் கேட்டாயே, பேக்கரியிலும் பின்கதவு இடிக்கிறதாம். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பின்சுவரையே இடித்துத் தள்ளிவிட்டு அங்கே பெரிய மின்அடுப்பு ஒன்று வைக்கப்போகிறார். தெருவே அவர் அடுப்பைப் பற்றித்தான் பேசுகிறது.

இப்போது வர முடியாது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் சீருடைகள் மூட்டை மூட்டையாக வரும். என் வரியை உங்கள் பெரியவர் முதல் வரியாக்கிவிட்டார் என்பதை மாமாவிடம் சொன்னேன். "அப்ப நீயும் விஞ்ஞானி ஆயிட்டே" என்று தன் தட்டைத் தானே கழுவினார்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. எல்லோரும் சுகம்.

பின்னறையில் படுக்காதீர்கள். ஈரம் இருக்கும், மாமாவின் முழங்காலுக்கு ஆகாது. முன்பக்கம் கடையிலேயே பாயைப் போட்டுக்கொள்ளுங்கள். பேக்கரிக்காரரிடம் அடுப்பை இப்போது வாங்க வேண்டாம் என்று சொல். கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்று கேள்விப்பட்டேன்.

நான் இரண்டு முறை இயக்குநரைப் பார்த்துப் பேசினேன். எதைப் பற்றி என்று பிறகு எழுதுகிறேன்.

தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமா என்று கேட்டுக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அறிக்கை பேப்பரில் வந்துவிட்டது. முதல் வரி என் வரி. ஊர் பெயர் இல்லை. 'ஒரு மலைச்சரிவு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம், என் தம்பி எழுதியது, முதல் வரி மட்டும் நான் என்று சொன்னேன். ஒரு சட்டைக்கு வந்தவர்கள்கூட இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்கள்.

பேக்கரிக்காரர் மட்டும் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கதவு இடிக்கிறது, சந்து விழுகிறது என்று அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "இது எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"இந்த ஊரா இருந்தா என் தம்பி எனக்குச் சொல்லாம இருப்பானா?" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அடுப்பு வந்து இறங்கியது. பொறுத்தால் விலை குறையும் என்று நீ எழுதியதையும் சொல்லிப் பார்த்தேன். நிலத்தை அளக்கிறவர்களுக்கு அடுப்பு விலை எப்படித் தெரியும் என்று மடக்கிவிட்டார்.

அன்றைக்குக் கடையைச் சாத்தும்போது நானும் அதையேதான் நினைத்தேன். உனக்கு எதற்கு அடுப்பு விலை? பின்னறை ஈரம் என்று உனக்கு யார் சொன்னார்கள்? அந்த அறையில் ஈரம் இருந்ததே இல்லை. உன் கடிதங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் படித்தேன். மாமா என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இப்போது அவரும் என்னோடு முன்பக்கம்தான் படுக்கிறார்.

டேய், அது எந்த ஊர்?

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கம்போல் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். புரியாத வார்த்தைக்குக் கோடு போடவும்.

மக்கள் பயப்படத் தேவையில்லை.

மலைக்குக் கீழே, ஆற்றுக்கு மேலே, ஒரே வரிசையில் கடைகள் இருக்கும் தெரு ஒன்று ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வரிசையில் ஒரு சலவைக் கடை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பேக்கரி. இரண்டுக்கும் பின்கதவு சாத்துவதில்லை. மழை கனத்தால் கட்டடங்களின் பின்பக்கம் முதலில் போகும். எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வருட மழையிலேயே நடக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஊர் பெயரை இப்போது வெளியிட வேண்டாம், சரிபார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று நகராட்சி கேட்டுக்கொண்டது. நிலையம் ஒப்புக்கொண்டது. மழை யாருக்காகவும் சரிபார்த்துக்கொண்டு வராது. அந்தத் தெருவில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும்.

இந்த அறிக்கையை எழுதியவனுக்கு இது மார்ச் மாதமே தெரியும்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம்.

ஒரு வார்த்தைக்கும் கோடு போடவில்லை. எல்லாம் புரிந்தது. மார்ச் என்று போட்டிருப்பதற்கும் போடவில்லை, அதுவும் புரிந்தது. முதல் வரியை மட்டும் அடித்துவிட்டேன். அது என் வரி, அடிக்க எனக்கு உரிமை உண்டு.

அப்புறம் உட்கார்ந்து முழுவதையும் என் கையால் இன்னொரு தாளில் எழுதினேன். உன் தாளை அடுப்பில் போட்டேன். என் கையெழுத்தையும் அதிலிருக்கும் பிழைகளையும் பார்க்கிறவன் எவனும் இது உங்கள் ஆபீசிலிருந்து வந்தது என்று சத்தியமாகச் சொல்ல மாட்டான். கடைசி வரியை மட்டும் சேர்க்கவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

தாளை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குத்தான் முதலில் போனேன். அடுப்பு புதுசாக மினுமினுத்துக்கொண்டிருந்தது. படித்துக் காட்டினேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"நீங்கதானே பயப்படாதேன்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்பப் பயப்படச் சொல்றேன்."

"இந்த அடுப்பை என்ன பண்ணச் சொல்றீங்க?"

தாளை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்துக் காட்டினேன். உனக்குக் கேலி செய்ய ஆசையாக இருந்தால் இதற்குச் செய்யலாம்.

கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். பாதிப் பேர் மூட்டை கட்டுகிறார்கள். மீதிப் பேர், சலவைக்காரிக்கு என்ன தெரியும் என்கிறார்கள். அவர்கள் வீட்டுத் துணிகளைத் திருப்பித் தர மாட்டேன், மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். நாளை மாமாவும் நானும் அங்கேதான் போகிறோம்.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். அதை எழுத இந்தத் தாளில் இடம் போதாது. உன்னை யாராவது கேட்டால் ஆமாம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? இதைச் சும்மா கேட்கவில்லை.

மலை சரிந்த செய்தி வந்த அன்று, காயம்பட்டவர் ஒருவர் என்று அவர் பெயரைப் படித்தேன். அது உங்கள் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகும் செய்தியை மறுபடி மேலேயிருந்து படித்தேன். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வரிசையைத் தேடிக் கண்டுபிடித்தேன். முன்பக்கக் கூரைகள் மட்டும் தெரிகின்றன.

எனக்கு வேறு அறை கொடுத்திருக்கிறார்கள். பழைய வரைபடங்களுக்கு எண் ஒட்டும் வேலை. அமைதியான இடம். ஜன்னல் இல்லாததால் தூசி வராது. இவள் உன்னை விசாரித்தாள். நீ எப்போது வந்தாலும் உப்பு டப்பாவை எங்கே வைக்க வேண்டுமோ நீயே வைக்கலாம் என்று எழுதச் சொன்னாள்.

அடுத்த வாரம் இயக்குநர் புகைப்படக்காரர்களோடு அங்கே வருகிறார். நிலையம் முன்கூட்டியே எச்சரித்ததால் உயிர்கள் தப்பின என்று அறிக்கை தயாராகிவிட்டது. அதை எழுதியவன் நான் இல்லை. நீ எதுவும் பேச வேண்டாம்.

கோபம் தீர்ந்த பிறகு எழுது. தீராவிட்டாலும் எழுது.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். நான் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று மாமா சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அது ஒரு காலையில் நடந்தது. மழை விட்டிருந்தது. சத்தம் பெரிதாக இல்லை. கனமான மூட்டையைத் தரையில் இழுப்பது போல் கேட்டது. போய்ப் பார்த்தபோது எங்கள் வரிசைக்கு முன்பக்கம் மட்டும் இருந்தது. கல்லா மேசையருகே நின்று பார்த்தால் நேராக ஆறு தெரிகிறது. துணியைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்களும் மழை கனத்ததும் அங்கேயே தங்கிவிட்டதால் தெருவில் ஒருவரும் இல்லை, பேக்கரிக்காரரைத் தவிர. அவர் அதிகாலையில் அடுப்பைக் கழற்ற ஆள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஆள் ஓடிவிட்டான். இவர் மணிக்கட்டு முறிந்து வந்து சேர்ந்தார். அடுப்பு ஆற்றில் இருக்கிறது. நான் அந்த வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அதை வாங்கியே இருக்க மாட்டார். இதை அவர் சொல்லவில்லை. அவர் என்னோடு பேசுவதே இல்லை. என்னைப் பார்த்தால் நடையை மாற்றிக்கொள்கிறார். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற மனிதர்.

உங்கள் இயக்குநர் வந்தார். எங்களையெல்லாம் பின்னால் நிற்கவைத்து, முன்கூட்டியே எச்சரித்தோம் என்று கேமராவுக்குச் சொன்னார். நீ சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை. சரிவு முழுக்கப் படத்தில் வர வேண்டும், சார் இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள் என்றார் புகைப்படக்காரர். போனார். பின்னால் பள்ளிக்கூடத்துச் சாக்கடை இருந்தது. இடுப்பு வரை சேறு.

இந்த ஊரில் இப்போது வேறு சலவைக் கடை இல்லை. கால்சட்டை என்னிடம் வந்தது. அவர் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். துணி காயும்வரை எங்கும் போக முடியாது அல்லவா, நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"தெருவுக்கு முதல்ல சொன்னது நான்தான் சார். எங்க வீட்டை எனக்குத் தெரியாதா? இதுக்காக என் தம்பியை எதுக்கு இருட்டு அறையில உக்கார வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"அவர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டுட்டோம்மா. ஆமான்னும் சொல்ல மாட்டேங்கறாரு, இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கறாரு" என்றார்.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் சார். பசிக்குதாடான்னு கேட்டாலும் அதே பதில்தான்."

அவர் சிரிக்கவில்லை. போர்வையை இன்னும் இழுத்துச் சுற்றிக்கொண்டார். வெளியே கிடக்கும் மண்ணைப் பார்த்தார். உன்னைப் பழைய இடத்துக்கு மாற்றுவதைப் பற்றிப் போய் யோசிக்கிறேன் என்றார். யோசிக்கிறேன் என்பதற்கு உங்கள் ஆபீசில் என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் தெரியும். நான் அதற்குக் கோடு போட்டிருக்கிறேன்.

கோபம் பாதி இருக்கிறது. மீதியை நேரில் வந்து வாங்கிக்கொள். உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா, அவளுடைய உப்பு டப்பா அங்கேயே இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். ஜன்னல் இல்லாத அறையில் அடிக்கடி எழுந்து வெளியே வந்து நில்.

அன்புடன்,
அக்கா

ஒன்று விட்டுப்போயிற்று. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாமா உதவி செய்கிறேன் என்று கால்சட்டைக்கு இஸ்திரி போட்டார். பின்பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். பெட்டி அளவுக்குக் கருகிவிட்டது. மடித்து, முன்பக்கம் மேலே தெரியும்படி வைத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி அதைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். புகைப்படக்காரர்கள் எல்லோரும் பின்னால்தான் நின்றிருந்தார்கள்.